விளக்கேந்திய பாவையின் பெயர் என்ன?

கிரேக்கக் கோயில்களில் கண்ணாடியும் கிண்ணமும் ஏந்தி நின்ற வெண்கலப் பெண்களுக்கும், வலியசாலை பூஜை அறையில் அகல் ஏந்தி நிற்கும் பாவைக்கும் நடுவே ஒரு சங்கப் பாட்டு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளை உலோகம் தாக்குப்பிடித்துவிட்டது. அந்தப் பெண்களின் பெயர்கள்தான் தொலைந்துவிட்டன.

திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தை ஒட்டிய வலியசாலையில் தமிழ் கேட்பதற்குப் பஞ்சமில்லை. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் அக்ரஹாரத்து வீடுகள், வாசலில் கோலம், காந்தளூர் மகாதேவர் கோயில். திருவிதாங்கூர் அரண்மனையிலும் பத்மநாபசுவாமி கோயிலிலும் ஊழியம் பார்க்க வந்து, வந்த இடத்திலேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் பாஷையோடு பாத்திரங்களையும் கொண்டுவந்தன. வெண்கலப் பானை, பித்தளை அண்டா, தூக்கு, குத்துவிளக்கு என்று கல்யாணம் தோறும் ஒரு சுமை சேர்ந்தது.

இந்தப் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பிலோ கழுத்திலோ உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் தெரியும். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கம். சிலவற்றில் பெண்ணின் பெயர் முழுசாக இருக்கும். சிலவற்றில் அவளுடைய தகப்பனாரின் தலைப்பெழுத்தோடு சுருங்கி நிற்கும். எப்படியானாலும், எந்தப் பானை எந்த மருமகள் கொண்டுவந்தது என்று மூன்று தலைமுறை கழித்தும் சொல்லிவிடலாம்.

சில வீட்டுப் பூஜை அறைகளில் இவற்றோடு ஒரு சிறிய வெண்கலப் பெண்ணும் நிற்பாள். கொண்டை, காதணி, மடிப்பு மடிப்பாகப் புடவை, இரு கையிலும் ஏந்திய அகல். சிலர் அவளைத் தீபலட்சுமி என்பார்கள். மற்றவர்களுக்கு அவள் பாவை விளக்கு. பாவை என்றால் பொம்மை, அவ்வளவுதான். பானைக்குக்கூடப் பெயர் இருக்கும் வீட்டில் அவளுக்கு என்று ஒரு பெயர் கிடையாது.

அவள் எங்கிருந்து வந்தாள் என்று தேடிப் போனால், தமிழ் இலக்கியம் முதலில் கை காட்டும் இடம் தமிழகமே அல்ல. கிரேக்கம்.

பாட்டில் இருக்கும் யவனப் பெண்

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தது 1889ல். அதில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, 188 அடிகள் கொண்டது. வாடைக் காற்றும் மழையுமான ஓர் இரவு. அரசன் போர்ப் பாசறையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவருகிறான். அரசி அரண்மனையில் தூக்கமின்றிக் கிடக்கிறாள். அந்த அரண்மனையை வர்ணிக்கும் இடத்தில் ஒரு விளக்கு வருகிறது. யவனர்கள் நுட்பமாகச் செய்த பாவை, கையில் ஏந்திய அகல், அதில் நிறைய எண்ணெய், தடித்த திரி. அரசியின் தனிமைக்கு வெளிச்சம் பிடிப்பவள் கடல் கடந்து வந்த ஒரு பொம்மைப் பெண். முல்லைப்பாட்டிலும் கணவனுக்காகக் காத்திருக்கும் ஓர் அரசியின் மாளிகையில் பாவை விளக்கு எரிகிறது.

யவனர் என்ற சொல்லின் மூலம் கிரேக்கர்களின் ‘அயோனியா’. தமிழ்ப் புலவர்கள் கிரேக்க மொழி பேசிய வணிகர்களையும், ரோமானியப் பேரரசிலிருந்து வந்த மற்றவர்களையும் சேர்த்தே அப்படி அழைத்தார்கள். அவர்களின் கப்பல்கள் மிளகுக்காக முசிறிக்கும் அதன் தெற்கே இருந்த துறைகளுக்கும் வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, இந்தத் துறைகளில் இறக்குமதியான சரக்குகளைப் பட்டியலிடுகிறது. நாணயம், பவளம், கண்ணாடி, மது என்று போகும் பட்டியலில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் உண்டு. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம்.

மூல உலோகம் மட்டும் வரவில்லை, செய்த உருவங்களும் வந்தன என்பதற்கு மண்ணில் சாட்சி இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூரை ஒட்டிய பிரம்மபுரியில் 1940களில் நடந்த அகழ்வில், கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் சிறு வெண்கலச் சிலை கிடைத்தது. நெடுநல்வாடையின் யவனப் பாவை பாட்டில்தான் இருக்கிறாள். ஆனால் அவளுக்குச் சகோதரிகள் கிரேக்கத்தில் இருக்கிறார்கள்.

சுமந்து நின்றவர்கள்

கி.மு. 9, 8ஆம் நூற்றாண்டுகளில் ஒலிம்பியா, டெல்ஃபி போன்ற புண்ணியத் தலங்களில் கிரேக்கர்கள் சின்னச் சின்ன வெண்கல உருவங்களை நேர்த்திக்கடனாக வைத்தார்கள். நம் கோயில்களில் வெள்ளியில் கண்மலரும் கால்களும் செய்து போடுவதைப் போல. குவியல் குவியலாகக் கிடைத்த இவற்றில் குதிரையும் காளையும்தான் ஏராளம். அடுத்தபடியாக வீரர்கள், தேரோட்டிகள். பெண்கள் குறைவு.

செய்முறை சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு அந்நியமானதல்ல. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. ஆறியதும் மண் அச்சை உடைத்துவிட வேண்டும். ஓர் அச்சில் ஓர் உருவம்தான். அந்த வகையில் ஒவ்வொரு வெண்கலப் பெண்ணும் தனி ஆள்.

அச்சில் வார்க்காத உருவங்களும் உண்டு. கிரீட் தீவில் ட்ரேரோஸ் என்ற இடத்தில் 1935ல் மூன்று உருவங்கள் கிடைத்தன. மர உருவின்மேல் வெண்கலத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பொருத்திச் செய்தவை, ஏறத்தாழ நம் ஊர் மூலவருக்குக் கவசம் சாத்துவது போல. காலம் சுமார் கி.மு. 700. உள்ளிருந்த மரம் உளுத்துப் போய்விட்டது, தகடு மிஞ்சியது. சுமார் 80 செ.மீ. உயரமுள்ள ஆண் உருவம் அப்போலோ. அதில் பாதி உயரமே உள்ள இரண்டு பெண்கள் அவனுடைய தாய் லெட்டோவும் சகோதரி ஆர்ட்டெமிஸும் என்று கருதப்படுகிறது. இருவரில் தாய் யார், மகள் யார் என்று உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்போலோவோடு கிடைத்ததால் வந்த பெயர்கள் அவை.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டா பகுதியின் கன்னார்கள் வேறொரு வகையைப் பிரபலமாக்கினார்கள். வட்டமான வெண்கலக் கண்ணாடி, அதைத் தலைமேல் தாங்கி நிற்கும் ஆடையற்ற இளம்பெண். அவள்தான் கைப்பிடி. முகம் பார்க்கும் எஜமானியின் உள்ளங்கைக்குள் அவளுடைய உடல் முழுவதும் அடங்கிவிடும். கண்ணாடி என்றால் மெருகேற்றிய உலோகத் தகடு. பத்தனம்திட்டை மாவட்டத்து ஆரன்முளாவில் இன்றும் செம்பும் வெள்ளீயமும் கலந்து செய்கிறார்களே, அந்த வகை. ஆரன்முளா கண்ணாடியின் கைவினைஞர்களும் தமிழ்நாட்டுச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பது அங்குள்ள மரபுச் செய்தி.

கண்ணாடி தாங்கும் அந்தப் பெண் யார்? காதல் தெய்வம் அஃப்ரொடைட் என்கிறார்கள் சிலர். கோயில் பணிப்பெண் என்கிறார்கள் வேறு சிலர். எகிப்தியக் கண்ணாடிக் கைப்பிடிகளைப் பார்த்துச் செய்தது, அதனால் தனியே அடையாளம் தேட வேண்டியதில்லை என்ற கட்சியும் உண்டு.

டெல்ஃபியில் 1939ல் ஒரு குழியிலிருந்து வெளிப்பட்ட பெண்ணோ நம் பாவைக்கு இன்னும் நெருக்கம். நீண்ட கிரேக்க உடையில் நேராக நின்று, இரு கைகளையும் உயர்த்தி ஒரு கிண்ணத்தைத் தாங்குகிறாள். சாம்பிராணி போடும் தூபக்கால் அது. காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கிண்ணத்தில் தூபத்துக்குப் பதில் எண்ணெயும் திரியும் வைத்தால் நக்கீரரின் வர்ணனைக்குப் பக்கத்தில் வந்துவிடுவாள். இந்த ஏற்பாடு கிரேக்கத்துக்குப் பழக்கமானது என்பதற்கு அவள் நல்ல உதாரணம்.

ஓடும் பெண், வேண்டிக்கொண்ட பெண்

எதையும் சுமக்காத ஒருத்தியும் இருக்கிறாள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள சுமார் 11 செ.மீ. உயர ஸ்பார்ட்டா பெண். காலம் கி.மு. 520–500. முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டை உடையின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். ஒரு பக்கத்துத் தோளும் மார்பும் திறந்திருக்கின்றன. ஏதோ பெரிய பாத்திரத்தின் விளிம்பு அலங்காரமாக இருந்திருக்கலாம் என்பது நிபுணர்கள் கருத்து.

இவள் அதிர்ஷ்டசாலி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸ், ஒலிம்பியாவில் ஹெரா தேவிக்காகக் கன்னிப்பெண்கள் ஓடும் பந்தயத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பதினாறு பெண்கள் முன்னின்று நடத்துவது. ஆண்களின் ஓட்டப்பாதையில் ஆறில் ஒரு பங்கு குறைத்த தூரம். விரித்த கூந்தல், முழங்காலுக்கு மேல் உடை, வெளியே தெரியும் வலது தோள் என்று அவர் விவரிப்பது இந்தச் சிலைக்கு அப்படியே பொருந்துகிறது. வென்றவர்கள் தங்கள் உருவத்தைக் காணிக்கையாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்றும் எழுதுகிறார். அவர் எழுதியிருக்காவிட்டால் இவளையும் ‘நடனமாடும் பெண்’ என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஆண்களின் விஷயம் வேறு. தீப்ஸ் நகரப் பகுதியிலிருந்து கிடைத்து இப்போது பாஸ்டனில் இருக்கும் ஒரு சிறு வெண்கல ஆண் உருவத்தின் தொடைகளில் எழுத்து வெட்டியிருக்கிறது. காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தான் மாண்டிக்லோஸ் என்பவனின் காணிக்கை என்று அந்த உருவமே சொல்கிறது. கூடவே அப்போலோவிடம் கைமாறும் கேட்கிறது.

பெண் பெயரும் ஒன்று இருக்கிறது. உலோகத்தில் இல்லை, பளிங்கில். டெலோஸ் தீவில் சுமார் கி.மு. 650ல் ஆர்ட்டெமிஸுக்கு வைத்த ஆளுயரப் பெண் சிலை இப்போது ஏதென்ஸ் தேசிய மியூசியத்தில் இருக்கிறது. அதை வைத்தவள் நாக்சோஸ் தீவின் நிக்காண்ட்ரே. கல்லில் அவள் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்கிறாள்? இன்னாருடைய மகள், இன்னாருடைய சகோதரி, இன்னாருடைய மனைவி. மூன்று ஆண்களின் பெயர்களுக்கு நடுவே அவள் பெயர். பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள் உள்ள எந்த வீட்டாருக்கும் இது புதிதாகத் தோன்றாது. அப்படியும் சிக்கல் தீரவில்லை. சிலையில் நிற்பவள் நிக்காண்ட்ரேயா, ஆர்ட்டெமிஸா என்று விவாதம் தொடர்கிறது.

நடனக்காரியா, தாயா?

பெயர் தெரியாத உலோகப் பெண்ணுக்குத் தாங்களே ஒரு பெயர் சூட்டும் அவசரம் கிரேக்க ஆய்வாளர்களோடு நிற்பதல்ல. 1926ல் மொஹஞ்சதாரோவில் கிடைத்த 10.5 செ.மீ. வெண்கலப் பெண் இப்போது டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். வயது சுமார் 4,500. இடக்கை முழுக்க வளையல், இடுப்பில் வலக்கை, நிமிர்ந்த தலை. அவள் நின்ற விதத்தைப் பார்த்து, அன்றைய தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷலின் காலத்தில் ‘நடன மாது’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் ஆடினாள் என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது. மடங்கியிருக்கும் இடக்கையில் முன்பு ஏதோ பிடித்திருந்தாள் என்ற கருத்தும் உண்டு.

அதற்குப் பிறகும் அவளை யாரும் சும்மா விடவில்லை. 2016ல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரை அவளைப் பார்வதி என்றது. 2023 மே மாதம் டெல்லியில் நடந்த சர்வதேச அருங்காட்சியகக் கண்காட்சிக்கு, சன்னபட்டணம் பொம்மைக் கலையின் பாணியில் அவளை அடையாளச் சின்னமாகச் செய்தபோது, கறுத்த வெண்கலப் பெண்ணுக்கு வெளிர் நிறமும் உடையும் வந்து சேர்ந்தன. எதிர்ப்பு கிளம்பியது. அவளைக் கேட்டா செய்தார்கள் என்பதே அந்த எதிர்ப்பின் சாரம்.

தமிழ் மண்ணின் மிகப் பழைய உலோகப் பெண் ஆதிச்சநல்லூரைச் சேர்ந்தவள். திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கி.மீ. தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கர் தாழிக்காடு. 1876ல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899க்கும் 1905க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ பல பருவங்களில் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், மூடியில் எருமையும் ஆடும் சேவலும் நிற்கும் வெண்கலப் பாத்திரங்கள் என்று குவிந்தன. இந்த ஊரின் வெண்கலங்களில் ஒரு சிறு பெண் உருவமும் உண்டு. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். கலை வரலாற்று நூல்கள் அவளைத் ‘தாய்த் தெய்வம்’ என்கின்றன.

2004–05ல் டி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது இன்னொரு பெண் வெளிப்பட்டாள். இவள் மண்ணில். ஒரு பானை ஓட்டில் புடைப்பாக ஒட்டிய உருவம். பக்கத்தில் செடி, கொக்கு, மான். அந்த அகழ்வின் மாதிரிகளுக்குக் கார்பன் முறையில் கணித்த காலம் கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் 2019ல் தெரியவந்தது. அதாவது ஒலிம்பியாவில் முதல் வெண்கலக் குதிரைகளைக் காணிக்கையாக வைத்த அதே நூற்றாண்டுகள். ஆடை குறைந்த பெண் உருவம் என்றால் தாய்த் தெய்வம், கை இடுப்பில் இருந்தால் நடனக்காரி என்ற இரண்டே பெட்டிகளில் இத்தனை காலத்துப் பெண்களையும் அடைத்தாகிவிட்டது. இறந்தவரோடு வைத்த நினைவுருவா, நேர்த்திக்கடனா, வீட்டுப் பொருளா என்ற கேள்விகள் அந்தப் பெட்டிகளுக்கு வெளியே நிற்கின்றன.

பெயர் மிஞ்சிய இடங்கள்

வலியசாலைக்கே பெயர் விஷயத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. முதலாம் ராஜராஜ சோழன் (985–1014) தன் மெய்க்கீர்த்தியில் பெருமையோடு சொல்லிக்கொண்ட வெற்றி, காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்தது’. வலியசாலைக் கோயிலின் பெயரே காந்தளூர் என்பதால் அந்தச் சாலை இங்கேதான் இருந்தது என்பது பலரது முடிவு. கலம் என்றால் கப்பலா, உண்கலமா, வழக்கா என்று அறிஞர்கள் ஒரு நூற்றாண்டாக மோதிக்கொள்கிறார்கள்.

அதே ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில், உலோகப் பெண்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அவனுடைய அக்காள் குந்தவை, பொன்மாளிகைத் துஞ்சின தேவரான தன் தந்தைக்கும் தன் தாய்க்கும் செப்புத் திருமேனி எடுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. ராஜராஜனுக்கும் அவன் தேவி உலோகமாதேவிக்கும் கோயில் அதிகாரி ஒருவர் திருமேனி வைத்தார். இத்தனை முழம், இத்தனை விரல் என்று உயரம்கூட வெட்டியிருக்கிறது. இப்படிப் பட்டியலிட்ட அறுபதுக்கும் மேற்பட்ட உலோகப் படிமங்களில் கோயிலில் மிஞ்சியவை மிகச் சில. மற்ற இடங்களில் சிலை இருக்கிறது, பெயர் இல்லை. தஞ்சையில் பெயரும் அளவும் இருக்கின்றன, சிலை இல்லை.

ஆனாலும் அந்த எழுத்து வீண் போகவில்லை. 2018 மே மாதம் அகமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து இரு வெண்கலங்களை ராஜராஜன், உலோகமாதேவி என்று அடையாளம் காட்டித் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு மீட்டுவந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது ஆயிரம் ஆண்டுப் பழைய அந்தக் கல்வெட்டைத்தான்.

அமெரிக்காவில் வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் 1929லிருந்து இருக்கும் புகழ்பெற்ற சோழர் வெண்கலப் பெண்ணுக்கு அப்படி எழுத்துச் சாட்சி கிடையாது. ராஜராஜனின் பெரிய பாட்டி செம்பியன் மாதேவியின் சாயல் என்பாரும், அது உமையேதான் என்பாரும் உண்டு.

பாவை விளக்கிலேயே பெயரோடு நிற்கும் ஒருத்தியைப் பார்க்க வேண்டுமானால் திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குப் போக வேண்டும். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பிரதாபசிம்மனைக் கணவனாக அடைந்தால் லட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள் அம்மணி என்ற பெண். எண்ணம் ஈடேறியது. லட்ச தீபத்தோடு நிற்காமல், தன்னையே விளக்கேந்தும் பாவையாக வார்த்து 1853ல் கோயிலில் நிறுத்தினாள். பீடத்தில் தமிழில் அந்தச் சங்கதி வெட்டியிருக்கிறது. கோயிலில் அகல் ஏந்தி நிற்பவள் பணிப்பெண் இல்லை, லட்சுமி இல்லை, இன்ன பெண் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல முடிவது அந்தச் சில வரிகளால்தான். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் தூணுக்கு ஒருத்தியாக விளக்கேந்தி நிற்கும் கல் பாவைகள் இருநூறுக்கு மேல். அவர்களில் ஒருத்தியைப் பற்றிக்கூட அப்படிச் சொல்ல வழியில்லை.

எடைக்குப் போகும் பாவை

பெயர் தொலைந்த உலோகத்துக்கு என்ன ஆகும் என்பதை அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் காட்டியது. பூட்டிக் கிடந்த சிவன் கோயிலிலிருந்து சோழர் கால நடராஜரோடு உமாவும் காணாமல் போனாள். 2007ல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் 6,50,000 டாலருக்கு ஓர் உமா பரமேஸ்வரியை வாங்கியது. சீட்டில் தெய்வத்தின் பெயர் இருந்தது. ஊரின் பெயர்தான் இல்லை. திருட்டு அம்பலமாகி, 2015ல் இந்தியாவுக்குத் திரும்பினாள். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரிய துணையாக இருந்தவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தமிழகக் கோயில்களில் எடுத்து ஊர்வாரியாகப் பாதுகாத்துவந்த புகைப்படங்கள். ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் அதன் பின்னால் எழுதிய ஊர்ப் பெயரும் பல கோடி ரூபாய் பேரத்தைக் கவிழ்த்துவிட முடியும்.

கோயில் சிலைக்குப் போலீசாவது உண்டு. வீட்டுப் பாவைக்கு அதுவும் இல்லை. அக்ரஹாரத்து வீடுகளில் பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். பெரியவர்கள் ஃபிளாட்டுக்கு மாறுகிறார்கள். அண்டாவும் உருளியும் ஃபிளாட்டில் ஏறாது. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய சாலைக் கடைவீதி கூப்பிடு தூரம். பழைய பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எங்கும் தராசுதான் விலை சொல்லும். உலைக்குப் போனால் பாட்டியின் பெயர் வெட்டிய பானையும் பெயரில்லாத பாவையும் ஒரே குழம்பு. உலைக்குப் போகாமல் பழம்பொருள் கடைக்குப் போனால் பாவை பிழைப்பாள். ஆனால் எந்த வீடு, யார் சீர், எந்த ஆண்டு என்பதெல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிடும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976ல் அமலுக்கு வந்தது. அதன்படி நூறு ஆண்டு கடந்த உலோகச் சிற்பம் தொல்பொருள். வைத்திருப்பவர் புகைப்படத்தோடு பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்தால் அரசு பறித்துக்கொள்ளும் என்ற பயம் பரவலாக உண்டு. பதிவு என்பது உடைமையைப் பறிப்பதல்ல. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. சட்டம் கேட்காத ஒன்றையும் குடும்பங்கள் செய்யலாம். ஒரு படம் எடுத்து, அது யாருடைய சீராக வந்தது என்று பின்னால் எழுதி வைப்பது. நிக்காண்ட்ரேயும் அம்மணியும் செய்தது அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆண்டுதோறும் ஒரு நங்கை

எழுதி வைக்காமலும் பெயரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு வலியசாலையின் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்கு வருகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதி, கம்பர் வழிபட்டது என்று மரபு சொல்லும் தேவி. வேளிமலையிலிருந்து குமாரசுவாமி. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை. சரஸ்வதிக்கு யானை, மற்ற இருவருக்கும் பல்லக்கு. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் தலைநகர் வந்து சேர்கிறார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போக, குமாரசுவாமி ஆரியசாலை பகவதி கோயிலிலும் நங்கை செந்திட்டை பகவதி கோயிலிலும் தங்குகிறார்கள். இரண்டும் வலியசாலைக்கு அக்கம்பக்கம்.

1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்த பிறகு இது இரு மாநில விவகாரம். களியக்காவிளை எல்லையில் கேரள அதிகாரிகள் வரவேற்கிறார்கள். இரு மாநிலப் போலீசும் அணிவகுப்பு மரியாதை தருகின்றன. தமிழில் முன்னுதித்த நங்கை என்பதை மலையாளிகள் முன்னூற்றி நங்கா என்கிறார்கள். உச்சரிப்பு மாறினாலும் ஆள் மாறிப்போகவில்லை. எந்தக் கோயிலிலிருந்து கிளம்பினாள், வழியில் எங்கே தங்கினாள், எங்கே திரும்ப வேண்டும் என்று பல்லக்குத் தூக்குபவருக்கும் பாதையோரத்தில் தட்டத்தோடு நிற்பவருக்கும் தெரியும். விஜயதசமி முடிந்ததும் அவளை அவளுடைய ஊருக்கே கொண்டுபோய் விடுகிறார்கள்.